சோலோ வாசித்தது யார்? பழைய ராக் பாட்டில் கிட்டார் கலைஞரைக் கண்டுபிடிக்க ஒரு வழிகாட்டி

பீட்டில்ஸின் 'டாக்ஸ்மேன்' பாட்டில் நடுவே வருகிற அந்தக் காரமான சோலோவை, அதாவது கிட்டார் தனியாக முன்னால் வரும் பகுதியை, வாசித்தது ஜார்ஜ் ஹாரிசன் என்று பல வருடம் அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். பாட்டை எழுதியவர் அவர். பாடியவர் அவர். குழுவில் லீட் கிட்டாரும், அதாவது முன்னால் நின்று மெட்டை வாசிக்கும் கிட்டாரும், அவர். அது போதாதென்று, சோலோவில் லேசாக ஓர் இந்திய வாடை அடிக்கும். சிதாரைத் தூக்கிக்கொண்டு திரிந்தவர் ஹாரிசன்தானே? இதுதான் என் துருப்புச் சீட்டு. ஒருநாள் நண்பர் ஒருவர் சிரித்துக்கொண்டே, ஹாரிசனே என்ன சொல்லியிருக்கிறார் என்று பார் என்றார். பார்த்தேன். வாசித்தது பால் மெக்கார்ட்னி. பேஸ் கிட்டார்காரர்!

நான் எங்கே சறுக்கினேன் என்று யோசித்தால், பாட்டை ஒருமுறைகூட ஆதாரத்தோடு கேட்டதில்லை. குழுவின் உத்தியோகப் பட்டியலை வைத்துத் தீர்ப்பு எழுதியிருக்கிறேன். லீட் கிட்டார் என்று பெயர் போட்டிருந்தால் எல்லா லீடும் அவருடையதாகிவிடுமா? ராக் ரசிகர்கள் மணிக்கணக்காகப் போடும் சண்டைகளில் பாதி இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. இந்த ஆராய்ச்சியில் புதிதாக இறங்குகிறவர்களுக்காக, நான் பின்பற்றும் முறையைப் படிப்படியாக எழுதுகிறேன். கிட்டார் வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. இரண்டு காதும் ஒழுங்காக வேலை செய்யும் ஒரு இயர்போன், ஒரு நோட்டு, இவை போதும்.

முதல் படி: கேள்வியைச் சிறிதாக்குங்கள்

"இந்தப் பாட்டில் கிட்டார் யார்?" என்று கேட்டால் பதில் கிடைக்காது, சண்டைதான் கிடைக்கும். ஒரு பாட்டில் ஒரு கிட்டார்தான் இருக்கும் என்று நாமாக நினைத்துக்கொள்கிறோம். 1970-ல் டெரெக் அண்ட் த டாமினோஸ் பதிவுசெய்த 'லைலா'வில் ஆறு கிட்டார் தடங்கள் (தனித்தனியாகப் பதிவான வரிகள்) இருப்பதாக அதைத் தயாரித்த டாம் டௌட் விளக்கியிருக்கிறார். வாசித்தவர்கள் இரண்டே பேர்: எரிக் கிளாப்டன், டுவேன் ஆல்மன். ஒருவரே தன் மேல் தானே ஓவர்டப் செய்து, அதாவது பதிவானதன் மேல் இன்னொருமுறை வாசித்துச் சேர்த்து, மூன்று நான்கு ஆளாக ஒலிக்கலாம். அதனால் தடங்களை எண்ணி ஆட்களை எண்ண முடியாது.

இன்னொரு உதாரணம், மைக்கேல் ஜாக்சனின் 'பீட் இட்', 1982. "அதில் கிட்டார் எட்டி வான் ஹேலன்" என்று எல்லாருக்கும் தெரியும். சோலோ அவர்தான், அதுவும் காசு வாங்காமல் வாசித்தார். ஆனால் நாம் வாயால் முணுமுணுக்கும், திரும்பத் திரும்ப வரும் அந்தச் சிறு வரி, ரிஃப்? அது ஸ்டீவ் லூகதர். பேஸும் அவரே. வான் ஹேலன் பெயரைக் கேட்டவுடன் பாட்டு முழுவதையும் அவர் கணக்கில் எழுதிவிடுகிறோம், லூகதர் பாவம் ஓரமாக நிற்கிறார்.

ஆகவே நோட்டில் இப்படி எழுதுங்கள்: இந்தப் பாட்டில், இத்தனையாவது நிமிடம் இத்தனையாவது நொடியில் தொடங்கி இன்ன இடத்தில் முடிகிற கிட்டார் பகுதி. தொடக்க ரிஃப் ஒரு வரி, பின்னணி ரிதம் ஒரு வரி, சோலோ ஒரு வரி, கடைசியில் மங்கிக்கொண்டே போகும் பகுதி ஒரு வரி. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஆள் தேட வேண்டும். சலிப்பான வேலைதான். ஆனால் இதைச் செய்த பத்தாவது நிமிடத்தில், சண்டை போட்ட இரண்டு பேரும் வேறு வேறு இடத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள் என்பது அடிக்கடி தெரியவரும்.

இரண்டாம் படி: எந்தப் பதிவு என்று பாருங்கள்

ஒரே பெயரில், ஒரே குழுவின் பாட்டு இரண்டு மூன்று வடிவங்களில் இருக்கும். நீங்கள் ஒன்றைக் கேட்டுக்கொண்டு, எதிராளி இன்னொன்றைக் கேட்டுக்கொண்டு வாதாடினால் விடியும்வரை முடியாது.

பழகுவதற்குச் சுலபமான பாடம் கிட்டார் இல்லாத ஒன்று. பீட்டில்ஸின் முதல் சிங்கிள் (தனிப்பாட்டாக வந்த இசைத்தட்டு) 'லவ் மீ டூ', 1962. செப்டம்பர் 4 அன்று பதிவானதில் டிரம்ஸ் குழுவின் ரிங்கோ ஸ்டார். செப்டம்பர் 11 அன்று மறுபடி பதிவானதில் டிரம்ஸ் ஆண்டி வைட் என்ற செஷன் கலைஞர் (பதிவுக்குக் கூலிக்கு வாசிப்பவர்), ரிங்கோ கையில் டாம்பரின். எது எது என்று கண்டுபிடிக்க ஆராய்ச்சியாளராக இருக்க வேண்டியதில்லை: டாம்பரின் சத்தம் கேட்டால் அது ஆண்டி வைட். இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். இந்த வேலை எவ்வளவு ருசியானது என்று அப்போது புரியும்.

இனி கிட்டார். 'லெட் இட் பி' பாட்டின் சிங்கிள் வடிவத்திலும் ஆல்பம் வடிவத்திலும் சோலோ வேறு வேறு. இரண்டும் ஹாரிசன்தான், இரண்டும் ஓவர்டப்தான். சிங்கிளில் இருப்பது 1969 ஏப்ரல் 30-ல் வாசித்தது, சுழலும் ஸ்பீக்கரில் போட்டதுபோல் மிதந்து வரும். ஆல்பத்தில் இருப்பது 1970 சனவரி 4-ல் வாசித்தது, கரடுமுரடாகக் கடிக்கும். ஒருவர் "மென்மையான சோலோ" என்றும் மற்றவர் "முரட்டு சோலோ" என்றும் சொன்னால் இருவருமே சரி.

கிஸ் குழுவின் 'ஸ்வீட் பெயின்' இன்னும் வேடிக்கை. 1976-ல் 'டெஸ்ட்ராயர்' ஆல்பத்தில் வந்தபோது அந்த சோலோவை வாசித்தது குழுவின் ஏஸ் ஃப்ரேலி அல்ல, வெளியிலிருந்து வந்த டிக் வாக்னர். உறையில் பெயர் கிடையாது. 2012-ல் அதே ஆல்பத்தைப் புதிதாகக் கலந்து வெளியிட்டபோது, தூக்கிவைத்திருந்த ஃப்ரேலியின் சோலோவையும் எடுத்துப் போட்டார்கள். எந்த வருடத்து வெளியீடு என்று சொல்லாமல் இந்தப் பாட்டைப் பற்றிப் பேசவே கூடாது.

பழைய கலைஞர்களிடம் மறுபதிவு என்று ஒரு தனித் தொல்லை உண்டு. சக் பெர்ரி செஸ் நிறுவனத்துக்காக 1950களில் பதிவுசெய்த பாட்டுகளை, மெர்குரி நிறுவனத்துக்கு மாறிய பிறகு மறுபடி பதிவுசெய்தார். 1967-ல் அவை தொகுப்பாக வந்தன. கைபேசியில் பெயரைத் தட்டினால் எது முதலில் வருகிறதோ அதைக் கேட்டுவிட்டு "1958-ன் ஒலி எவ்வளவு தெளிவு பாருங்கள்" என்று வியக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நானும் வியந்திருக்கிறேன், அதை விடுங்கள்.

மூன்றாம் படி: உறையைப் படியுங்கள், நம்பிவிடாதீர்கள்

இசைத்தட்டு உறையில் இருக்கும் பெயர்கள் நல்ல தொடக்கம். ஆனால் உறை விற்பனைக்காக அச்சடிப்பது, சாட்சிக்காக அல்ல. பெயர் விடுபட்டதற்குப் பின்னால் பெரும்பாலும் மூன்று காரணங்களில் ஒன்று இருக்கும்.

ஒன்று, ஒப்பந்தம். ஒரு நிறுவனத்துக்கு எழுதிக்கொடுத்தவர் இன்னொரு நிறுவனத்தின் தட்டில் பெயரோடு வர முடியாது. 1968 செப்டம்பர் 6 அன்று ஹாரிசன் தன் நண்பர் கிளாப்டனை லண்டன் ஏபி ரோடு ஸ்டுடியோவுக்குக் கூட்டிப்போனார். பீட்டில்ஸ் தட்டில் வெளியாள் யாரும் வாசிப்பதில்லையே என்று கிளாப்டன் தயங்கினார். பாட்டு என்னுடையது, நீ வா என்றார் ஹாரிசன். அப்படி வந்ததுதான் 'வைல் மை கிட்டார் ஜென்ட்லி வீப்ஸ்' பாட்டின் லீட். உறையில் கிளாப்டன் பெயர் இல்லை. ஒலிகூடக் கிளாப்டன் மாதிரி இருந்துவிடக்கூடாது என்று, கலக்கும்போது டேப் வேகத்தை ஆட்டி ஆட்டி கிட்டாரைத் தள்ளாட வைத்தார்கள். அடுத்த வருடம் மொய்க்கு மொய். கிளாப்டனின் க்ரீம் குழு வெளியிட்ட 'பேட்ஜ்' பாட்டில் ஹாரிசன் ரிதம் வாசித்தார். உறையில் அவர் பெயர் 'லாஞ்சலோ மிஸ்டீரியோசோ'. இத்தாலிய மொழியில் மர்ம தேவதை. இப்படிக் கோமாளித்தனமான பெயர் உறையில் தென்பட்டால் உடனே காதைத் தீட்டிக்கொள்ளுங்கள், யாரோ பெரிய ஆள் ஒளிந்திருக்கிறார்.

இரண்டாவது, குழுவின் மானம். ஏரோஸ்மித் குழுவின் 1974 ஆல்பத்தில் 'ட்ரெயின் கெப்ட் அ ரோலின்' என்று ஒரு பாட்டு. குழுவின் கிட்டார்காரர் ஜோ பெர்ரியின் வாசிப்பு என்று அதைக் கேட்டு கிட்டார் கற்றவர்கள் ஏராளம். அந்த சோலோக்கள் ஸ்டீவ் ஹன்டரும் மேலே சொன்ன டிக் வாக்னரும் வாசித்தவை. இரண்டு பேர் பெயரும் உறையில் இல்லை. இன்னொரு குறும்பு, பாட்டின் பின்பாதி மேடையில் பதிவானதுபோல் கூட்டத்தின் ஆரவாரத்தோடு வரும். அந்த ஆரவாரம் ஸ்டுடியோவில் ஒட்டியது. கூட்டத்தைக் கேட்டு "இது லைவ், லைவில் பெர்ரிதானே இருந்திருப்பார்" என்று நினைத்தால் இரண்டு முறை ஏமாறுவோம்.

மூன்றாவது, அந்தக் காலத்து வழக்கம். கூலிக்கு வந்தவர் பெயரை எதற்குப் போடுவது என்ற நினைப்பு. டெட்ராயிட்டின் மோடவுன் நிறுவனம் 1960களில் அடுக்கடுக்காக வெற்றிப் பாட்டுகள் கொடுத்தது. அவற்றை வாசித்த வீட்டுக் குழுவின் பெயர்கள் ஓர் ஆல்பத்தில் முறையாக வந்தது 1971-ல், மார்வின் கேயின் தட்டில். அங்கே பதிவான 'மை கேர்ள்' பாட்டின் தொடக்கத்தில் படியேறுவதுபோல் ஏறும் அந்தக் கிட்டார் வரியை வாசித்தவர் ராபர்ட் வைட். ஒருமுறை சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்திருந்தபோது அந்தப் பாட்டு ஒலித்ததாம். பரிமாறுகிறவரிடம் "இதை வாசித்தது நான்தான்" என்று சொல்ல வாயெடுத்து, நம்பவா போகிறான் என்று நிறுத்திக்கொண்டு சாப்பாட்டை மட்டும் கேட்டாராம். இந்த ஆராய்ச்சி வெட்டிவேலை என்று யாராவது சொன்னால் நான் இந்தக் கதையைச் சொல்வேன்.

எல்லாரும் இப்படி இல்லை. டெலிவிஷன் குழு 1977-ல் வெளியிட்ட 'மார்க்கீ மூன்' உறையில் எந்த சோலோ டாம் வெர்லைன், எந்த சோலோ ரிச்சர்ட் லாய்ட் என்று பாட்டுக்குப் பாட்டு எழுதியிருக்கும். அப்படி ஒரு தட்டை முதலில் எடுத்துக்கொண்டு, விடையைப் பார்க்காமல் கேட்டு ஊகித்து, பிறகு உறையோடு ஒப்பிட்டுப் பார்ப்பது அருமையான பயிற்சி.

நான்காம் படி: அன்றைக்கு எழுதிய தாளைத் தேடுங்கள்

நான் அதிகம் நம்புவது இதைத்தான். அமெரிக்காவில் இசைக்கலைஞர் சங்க ஒப்பந்தத் தாள் என்று ஒன்று உண்டு. எந்த நாள், எந்த ஸ்டுடியோ, எத்தனை மணி நேரம், யார் யாருக்கு எவ்வளவு கூலி என்று அதில் இருக்கும். வழக்கமான ஓர் அமர்வு 3 மணி நேரம். சம்பளத்துக்காக எழுதிய தாள் என்பதால், புகழுக்காகப் பெயர் சேர்க்க வேண்டிய தேவை யாருக்கும் இருந்ததில்லை. அதுதான் அதன் பலம். பிரிட்டனில் ஈ.எம்.ஐ. மாதிரி பெரிய ஸ்டுடியோக்கள் டேப் பெட்டியின் மேலேயும் அமர்வுப் பதிவேட்டிலும் டேக் எண்களோடு (எத்தனையாவது முயற்சி என்று) குறிப்பு எழுதி வைத்தன. மார்க் லூயிசன் போன்ற ஆய்வாளர்கள் அந்தப் பெட்டிகளைத் திறந்து டேப்பையே கேட்டு எழுதியதால்தான் பீட்டில்ஸ் விஷயத்தில் நமக்கு இவ்வளவு தேதிகள் கிடைக்கின்றன.

தாள் எப்படிச் சண்டையைத் தீர்க்கும் என்பதற்கு பேர்ட்ஸ் குழுவின் 'மிஸ்டர் டாம்பரின் மேன்' நல்ல உதாரணம். 1965 சனவரி 20, ஹாலிவுட்டில் கொலம்பியா ஸ்டுடியோ. குழுவிலிருந்து வாத்தியத்தில் கை வைத்தவர் ஒரே ஒருவர், 12 கம்பி ரிக்கன்பாக்கர் கிட்டாருடன் ஜிம் மெக்வின். பின்னாளில் ரோஜர் என்று பெயர் மாற்றிக்கொண்டவர் இவர்தான். ரிதம் கிட்டார் ஜெர்ரி கோல், பேஸ் லாரி நெக்டல், டிரம்ஸ் ஹால் பிளேன், மின்பியானோ லியான் ரஸ்ஸல். எல்லாரும் செஷன் கலைஞர்கள்.

இதைத் தெரிந்துகொண்டவர்கள் அடுத்த தவறுக்குத் தாவுவார்கள்: "ஓ, பேர்ட்ஸ் எதையுமே வாசிக்கவில்லையா!" அப்படியில்லை. அந்த ஒரு நாளில் பதிவானவை இரண்டு பாட்டு, சிங்கிளின் இரு பக்கம். ஆல்பத்தின் மற்ற பாட்டுகளை வாசித்தது குழுவேதான். மூன்று மணி நேரத்தில் செஷன்காரர்கள் இரண்டு பாட்டு முடித்தார்கள், நாங்கள் 'டர்ன் டர்ன் டர்ன்' ஒன்றுக்கே 77 டேக் எடுத்தோம் என்று மெக்வினே சிரித்துக்கொண்டு சொல்வார். பீச் பாய்ஸ் விஷயத்திலும் இதே கதை. வெளிக்கலைஞர்கள் நிறைய வாசித்தார்கள் என்பது உண்மை. அதற்காகக் குழுவின் கார்ல் வில்சன் கிட்டாரையே தொடவில்லை என்று சொல்வது அநியாயம்.

தாளுக்கும் ஓட்டை உண்டு. ஓவர்டப் வேறொரு நாளில், வேறொரு தாளில் இருக்கும். பாட்டுக்குப் பெயர் வைக்காத நாளில் ஏதோ தற்காலிகப் பெயர் இருக்கும். அன்று வந்து வாசித்த பகுதி கடைசிக் கலவையில் தூக்கப்பட்டிருக்கலாம். "அன்று அறையில் இருந்தார்" என்பதுவரை தாள் சொல்லும். "நாம் கேட்பது அவரைத்தான்" என்று சொல்லாது.

ஐந்தாம் படி: பேட்டிகளை எடைபோடுங்கள்

ஜிம்மி பேஜ் என்ற பெயரை இங்கே விரிவாகப் பேசியாக வேண்டும். லெட் செப்பலின் தொடங்குவதற்கு முன், 1963 முதல் 1966 வரை, லண்டனில் அவர் ஓயாமல் வேலை செய்த செஷன் கிட்டார்காரர். பிக் ஜிம் சல்லிவன் என்று மூத்தவர் ஒருவர் இருந்ததால் இவர் லிட்டில் ஜிம். பிறகு இவர் உலகப்புகழ் பெற்றதும் என்ன நடந்தது? அந்த வருடங்களில் லண்டனில் பதிவான எந்தக் காரமான கிட்டாரைக் கேட்டாலும் இவர் தலையில் கட்டுவது வழக்கமாகிவிட்டது.

அதில் பெரிய பலி டேவ் டேவிஸ். கிங்க்ஸ் குழுவின் 'யூ ரியலி காட் மீ', 1964. கிட்டார் ஒலியைப் பெருக்கும் தன் சின்ன ஆம்பின் ஸ்பீக்கர் தாளைப் பிளேடால் கீறி, அந்தக் கிழிந்த ஒலியை உண்டாக்கியபோது அவருக்கு வயது 17. அந்தப் பாட்டின் சோலோ பேஜுடையது என்ற வதந்தி அரை நூற்றாண்டாக ஓடுகிறது. டேவ் நான்தான் என்கிறார், அண்ணன் ரே டேவிஸ் தம்பிதான் என்கிறார், தயாரிப்பாளர் ஷெல் டால்மியும் அதையே சொன்னார். எல்லாவற்றுக்கும் மேலே, பேஜே நான் இல்லை என்கிறார். இந்தக் கடைசிச் சாட்சிதான் எனக்குத் தங்கம். ஒருவர் தனக்குக் கிடைக்கும் பெருமையை வேண்டாம் என்று தள்ளினால் அந்தப் பேச்சுக்கு எடை கூடுதல். தனக்குப் பெருமை சேர்க்கும் பேச்சுக்கு எடையைக் கொஞ்சம் குறைத்துப் போடுங்கள். பொய் சொல்கிறார் என்று அர்த்தமில்லை. மனித மனம் அப்படித்தான்.

சரி, வதந்தி எங்கிருந்து முளைத்தது? கிங்க்ஸின் முதல் ஆல்பத்தில் சில பாட்டுகளில் பேஜ் பக்கவாத்தியமாக வாசித்திருக்கிறார். 'யூ ரியலி காட் மீ'யில் டிரம்ஸ் வாசித்தவரும் வெளியாள், பாபி கிரஹாம். குழுவின் டிரம்ஸ்காரர் மிக் ஏவரி டாம்பரின் தட்டினார். வெளியாட்கள் இருந்தார்கள், பேஜும் அந்த வட்டாரத்தில் இருந்தார், பாட்டும் பிரமாதம். மூன்றையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டார்கள். பொய்யான கதைக்குள்ளும் ஒரு துளி உண்மை இருக்கும். அது எந்தத் துளி என்று கண்டுபிடித்தால் கதை தானாக அவிழும்.

அதே வருடம் த ஹூ குழு 'ஐ கான்ட் எக்ஸ்ப்ளெய்ன்' பதிவுசெய்தபோது பேஜ் நிஜமாகவே அங்கே இருந்தார். அதே ஷெல் டால்மிதான் கூட்டிவந்தார். ஆனால் அதில் பேஜ் வாசித்தது பின்னால் நிற்கும் ரிதம். சோலோ குழுவின் பீட் டவுன்சென்ட். தட்டின் மறுபக்கத்துப் பாட்டான 'பால்டு ஹெடட் உமன்' பாட்டில் கேட்கும் கரகரக்கும் ஃபஸ் கிட்டார்தான் பேஜ். ஒரே அமர்வு, ஒரே ஆள், ஒரு பக்கத்தில் ரிதம், மறுபக்கத்தில் லீட். முதல் படியில் கேள்வியைச் சிறிதாக்கச் சொன்னது இதற்காகத்தான்.

சில வழக்குகள் தீராது, அதற்கும் தயாராக இருங்கள். டொனோவனின் 'ஹர்டி கர்டி மேன்', 1968. பாடிய டொனோவன் பேஜ் என்றும் ஆலன் ஹோல்ட்ஸ்வொர்த் என்றும் சொல்லியிருக்கிறார். அந்த அமர்வுக்கு இசை ஏற்பாடு செய்து பேஸும் வாசித்த ஜான் பால் ஜோன்ஸ், கிட்டார் ஆலன் பார்க்கர் என்கிறார். என் சாய்வு ஜோன்ஸ் பக்கம். ஆட்களை உட்கார வைத்து யார் என்ன வாசிக்க வேண்டும் என்று சொல்கிற வேலை அவருடையது. பாடகர் கண்ணாடிக் கூண்டுக்குள் மைக்கைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார். ஆனால் சாய்வு வேறு, தீர்ப்பு வேறு. நோட்டில் "பெரும்பாலும் பார்க்கர்" என்றுதான் எழுதி வைத்திருக்கிறேன்.

பேட்டியைப் படிக்கும்போது அது எந்த வருடத்துப் பேட்டி என்று கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள். பதிவான இரண்டாம் வருடத்தில் சொன்னதும் நாற்பதாம் வருடத்தில் சொன்னதும் ஒன்றல்ல. ஒரே நாளில் மூன்று ஸ்டுடியோவுக்கு ஓடிய செஷன் கலைஞருக்கு எந்தப் பாட்டில் என்ன வாசித்தோம் என்று நினைவிருப்பதே அதிசயம். பலருக்குப் பாட்டின் பெயரே அன்று தெரியாது.

ஆறாம் படி: படத்தையும் வீடியோவையும் கேள்வி கேளுங்கள்

1960களின் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளில் குழுக்கள் பெரும்பாலும் தட்டுக்கு வாயசைத்தார்கள், விரலசைத்தார்கள். கம்பியில் விரல் ஓடுவது தெரிகிறதே என்பது சாட்சியமே இல்லை. மேடைப் பதிவும் அப்படித்தான். லினர்ட் ஸ்கினர்ட் மேடையில் 'ஃப்ரீ பேர்ட்' வாசிப்பதைப் பார்த்தால், அந்த நீண்ட முடிவில் கிட்டார்காரர்கள் வரிசையாக நிற்பார்கள். 1973 ஸ்டுடியோ பதிவில் அந்த நீண்ட சோலோ முழுக்க ஆலன் காலின்ஸ் ஒருவரே. தன் வாசிப்பின் மேல் தானே இன்னொருமுறை வாசித்து இரட்டிப்பாக்கினார். முன்பாதியில் அழும் ஸ்லைடு (கம்பிமேல் குழாயை நழுவவிட்டு வாசிப்பது) கேரி ராசிங்டன்.

கிட்டாரின் முகத்தைப் பார்த்து ஆளைச் சொல்வதும் ஆபத்து. பேஜ் என்றால் நம் கண்முன் வருவது இடுப்புக்குக் கீழே தொங்கும் லெஸ் பால் கிட்டார். ஆனால் லெட் செப்பலின் முதல் ஆல்பத்தின் முக்கியக் கிட்டார் டெலிகாஸ்டர் என்ற வேறு வகை, கிட்டார்காரர் ஜெஃப் பெக் அவருக்குக் கொடுத்தது. அதே குழுவின் 'ஸ்டேர்வே டு ஹெவன்' சோலோவும் டெலிகாஸ்டர்தான். "இது லெஸ் பால் ஒலி, கேட்டாலே தெரிகிறது" என்று யாராவது சொன்னால் புன்னகையோடு கடந்துபோங்கள்.

ஏழாம் படி: இப்போது காதைத் திறங்கள்

காதைக் கடைசியில் வைத்ததற்குச் சிலர் கோபப்படுவார்கள். காரணம் இருக்கிறது. பெயர் தெரிந்த பிறகு காது அந்தப் பெயரைத்தான் கேட்கும். 'டாக்ஸ்மேன்' சோலோவில் எனக்கு ஹாரிசனின் சிதார் கேட்டதே, அப்படி. ஆதாரங்கள் இரண்டு மூன்று பேரில் வந்து நின்ற பிறகு, அவர்களுக்குள் தேர்ந்தெடுக்கக் காதைப் பயன்படுத்துங்கள்.

எதைக் கேட்பது? ஒலியின் நிறத்தை அல்ல, அதை ஆம்பும் பொறியாளரும் மாற்றிவிடுவார்கள். கையைக் கேளுங்கள். நீண்ட சுரத்தின் முடிவில் வரும் அசைவு ஒவ்வொருவருக்கும் ஒரு வேகம், ஒரு அகலம். கம்பியை இழுத்து மேலே போகும்போது நேராகச் சுரத்தில் போய் உட்காருகிறாரா, கொஞ்சம் கீழேயே நின்று ஏங்க வைக்கிறாரா? தாளத்துக்கு முன்னால் பாய்கிறாரா, பின்னால் சாய்கிறாரா? விரலா, பிளெக்ட்ரம் என்ற மீட்டும் தகடா? குவீன் குழுவின் பிரையன் மே ஆறு பென்ஸ் நாணயத்தால் மீட்டுவார், சுரம் தொடங்கும் இடத்தில் ஒரு சிறு கரகரப்பு கேட்கும்.

ஒப்பிடும்போது அதே வருடத்தில், சந்தேகமில்லாமல் அவர் வாசித்த வேறு பாட்டோடு ஒப்பிடுங்கள். பத்து வருடம் கழித்து வாசித்ததோடு ஒப்பிட்டால் பயனில்லை, கை மாறியிருக்கும். 1960களின் ஸ்டீரியோ பதிவுகளில் வாத்தியங்களை ஒரேயடியாக இடது வலது என்று பிரித்து வைத்தார்கள். இயர்போனில் ஒரு பக்கத்தைக் கழற்றினாலே பாதிக் குழு காணாமல் போகும். வரப்பிரசாதம் அது. இப்போது பாட்டைப் பிரித்துத் தரும் மென்பொருள்கள் வந்துவிட்டன. டிரம்ஸையும் குரலையும் நன்றாகவே பிரிக்கும். ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும் இரண்டு கிட்டார்களைப் பிரிக்கச் சொன்னால் திணறும், இல்லாத ஒலிகளைத் தானே சேர்த்தும் விடும். அதை வைத்து வழக்காடாதீர்கள்.

எழுதி வைக்கும் விதம்

ஒவ்வொரு பகுதிக்கும் எதிரே பெயர், அதற்கு எதிரே எதை வைத்துச் சொல்கிறீர்கள், அதற்கு எதிரே எவ்வளவு உறுதி. நான் மூன்றே சொல் வைத்திருக்கிறேன்: உறுதி, பெரும்பாலும், தெரியவில்லை. தாளும் ஆளும் ஒத்துப்போனால் உறுதி. ஒன்று மட்டும் இருந்தால் பெரும்பாலும். காது மட்டும் என்றால் தெரியவில்லை. கடைசி விதி வலிக்கும், ஆனால் தளர்த்தாதீர்கள். விவாதத்தில் யாராவது புதிய ஆதாரம் காட்டினால் பழையதை அழிக்காமல் பக்கத்தில் தேதியோடு எழுதுங்கள். என் நோட்டில் 'டாக்ஸ்மேன்' பக்கத்தில் ஹாரிசன் பெயர் இன்னும் அப்படியேதான் இருக்கிறது, மேலே ஒரு கோட்டோடு.

தொடங்குவதற்கு ஒரு பாட்டு சொல்கிறேன். 'ஏபி ரோடு' ஆல்பம், 1969, 'தி எண்ட்'. டிரம்ஸ் முடிந்த பிறகு மூன்று கிட்டார்கள் மாறி மாறி வரும், ஆளுக்கு இரண்டு பார் (தாள அளவு), மூன்று சுற்று. வரிசை மெக்கார்ட்னி, ஹாரிசன், லெனன். விடை தெரிந்துவிட்டதே என்று விட்டுவிடாதீர்கள். நோட்டில் ஒன்பது கட்டம் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு கட்டத்திலும் அந்தக் கை எப்படி இருந்தது என்று ஒரு சொல் எழுதுங்கள். அந்த ஒன்பது சொற்களோடு அப்படியே 'டாக்ஸ்மேன்' பக்கம் போங்கள், மெக்கார்ட்னிக்கு எதிரே எழுதியது அங்கேயும் பொருந்துகிறதா என்று பாருங்கள்.